ஊசல் தராசின் நான்கு திருகுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய எடைக் கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, முள் நகர்ந்து எடை காட்டும் தராசுகள் எல்லாவற்றையும் 'ஸ்பிரிங் தராசு' என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது. நாளானால் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் பழைய இரும்புக்குத்தான் போகும் என்றும் அதில் இருந்தது. ஆனால் கட்டுரையோடு அச்சாகியிருந்த படம் கடிதம் நிறுக்கும் ஊசல் தராசின் படம். அதற்குள் ஸ்பிரிங்கே கிடையாது. தளர்வதற்கு எதுவும் இல்லை. படத்தை உற்றுப் பார்த்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. பழைய தட்டுக்குப் பதில் ஓர் எவர்சில்வர் தட்டு உட்கார்ந்திருக்கிறது. அடிப்பலகையின் ஒரு கால் திருகு முழுக்க வெளியே வந்து, தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அந்தத் தராசுக்கு என்ன கோளாறு என்பதை அந்த இரண்டுமே சொல்லிவிடுகின்றன. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசல் தராசு என்பது ஓர் அச்சில் தொங்கும் வளைந்த நெம்புகோல். அதன் ஒரு கையில் தட்டு, மறு கையில் குண்டு. தட்டில் எடை வைத்தால் அந்தக் கை தாழ்கிறது, குண்டு பக்கவாட்டில் மேலேறுகிறது. குண்டு அச்சுக்கு நேர் கீழே இருக்கும்வரை அதற்குத் திருப்பும் பலம் இல்லை. விலக விலகப் பலம் கூடிக்கொண்டே போகும். தட்டின் இழுப்பும் குண்டின் இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே லாம்பர்ட் என்ற கணித அறிஞர் இந்தச் சாய்வுத் தராசுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

இரண்டு பக்கமும் புவியீர்ப்பேதான் இழுக்கிறது என்பதால் அது கணக்கிலிருந்து அடிபட்டுப்போகிறது. ஸ்பிரிங் தராசில் அப்படி நடக்காது. நிலநடுக்கோட்டில் சரிபார்த்த ஸ்பிரிங் தராசைத் துருவத்துக்கு எடுத்துப்போனால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம் கூட்டிக் காட்டும். வெயில் ஏறி 10 டிகிரி சூடு கூடினாலும் சாதாரண எஃகு ஸ்பிரிங் இளகி, ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு மாறும். ஊசல் தராசுக்கு ஊரும் ஒன்றுதான், பருவமும் ஒன்றுதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் 1901இல் தொடங்கிய தராசுக் கம்பெனி 'ஸ்பிரிங் இல்லை, நேர்மையான எடை' என்பதையே தன் விளம்பர வாசகமாக வைத்திருந்தது இதனால்தான். மளிகைக் கடை மேசையில் வட்ட முகத்தோடு நின்ற அந்தத் தராசுகளுக்குள் இருந்தது ஊசல்.

இனி அளவுகளுக்கு வருவோம். ஐ.டி.ஐ. பட்டறையில் ஒருவர் செய்து பார்க்கக்கூடிய 200 கிராம் தராசை எடுத்துக்கொள்வோம். அச்சிலிருந்து தட்டு தொங்கும் ஊசி வரை சுமைக்கை 40 மி.மீ. அச்சிலிருந்து குண்டின் நடுமையம் வரை 50 மி.மீ. குண்டு 160 கிராம். 160-ஐ 50-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 200 வரும். இந்த 200தான் தராசின் ஆதார எண். குண்டு தாங்கும் தண்டுக்கும் எடை உண்டு. அதன் திருப்புத்திறனையும் (எடையை அச்சிலிருந்துள்ள தூரத்தால் பெருக்கியது) இதில் சேர்த்து, அந்த அளவுக்குக் குண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி: குண்டு நேராகத் தொங்கும்போது சுமைக்கை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும்? பலரும் கிடைமட்டமாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் எடை, கோணத்தின் டேஞ்சன்ட்டைப் பின்பற்றும். 50 கிராமுக்கு 14 டிகிரி, 100 கிராமுக்கு 26.6, 200 கிராமுக்கு 45. முதல் 50 கிராம் அகலமான இடத்தை எடுத்துக்கொள்ள, கடைசிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கும்.

அதற்குப் பதிலாக, சுமை இல்லாதபோது சுமைக்கை கிடைமட்டத்துக்கு 30 டிகிரி மேலே நிற்கும்படி செய்யுங்கள். சுமை ஏற ஏற அது கிடைமட்டத்தைத் தாண்டி, முழுச் சுமையில் 30 டிகிரி கீழே போகும். மொத்த வீச்சு 60 டிகிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 டிகிரியில் 53.6 கிராம், 30இல் சரியாக 100, 45இல் 146.4, 60இல் சரியாக 200. கால் பங்குகளைத் தனித்தனியாகப் பார்த்தால் 53.6, 46.4, 46.4, 53.6. பல் சக்கரமும் இல்லை, வளைவுத் தகடும் இல்லை. ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அளவு முகம் ஏறக்குறைய சீராகிவிட்டது. கடிதத் தராசுகளின் தட்டுக் கை பூஜ்யத்தில் மேல்நோக்கி நிற்பதற்குக் காரணம் இதுதான். அழகுக்காக என்று நினைத்து அதை நிமிர்த்தியோ தாழ்த்தியோ விடுகிறவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. முள்ளின் நீளம் 120 மி.மீ. என்றால் 60 டிகிரிக்கு வில் நீளம் 125 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். 2 கிராமுக்கு ஒரு கோடு என்றால் கோட்டுக்குக் கோடு ஒன்றேகால் மி.மீ. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

ஆனால் தராசு சரியாக நிறுக்க நான்கு இடங்களில் சரிசெய்யும் வசதி வேண்டும். நான்கும் நான்கு வெவ்வேறு பிழைகளுக்கானவை. ஒன்றின் பிழையை மற்றொன்றில் திருத்தப்போவதுதான் ஊசல் தராசுகள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம். படத்திலிருந்த தராசுக்கு நேர்ந்ததும் அதுதான்.

முதலாவது, கால் திருகு. அதன் வேலை தராசை மட்டத்தில் நிறுத்துவது, அவ்வளவுதான். இரண்டாவது, எதிர் நட். தட்டுக்கும் அதைத் தாங்கும் கைக்கும் சொந்த எடை இருக்கிறதல்லவா, அதைச் சமன்செய்ய அச்சுக்கு மறுபக்கம் ஒரு மரைத் தண்டும் அதில் ஒரு கனமான நட்டும் இருக்கும். தட்டு 30 கிராம் என்றால், 40 கிராம் நட் அச்சிலிருந்து 30 மி.மீ. தள்ளி நின்றால் சமம். இந்த மரைத் தண்டு சுமைக்கையின் நேர் எதிரே, அதே கோட்டில் இருந்தாக வேண்டும். அப்போதுதான் முள் எந்தக் கோணத்தில் நின்றாலும் தட்டின் எடை முழுதாக அடிபடும். கோடு விலகினால் பூஜ்யத்தில் மட்டும் அடிபடும், மற்ற இடங்களில் மிச்சம் நிற்கும். எம்4 மரையில் (4 மி.மீ. விட்டமுள்ள திருகு) ஒரு சுற்றுக்கு 0.7 மி.மீ. நகர்வு, 40 கிராம் நட்டை ஒரு சுற்று நகர்த்தினால் தட்டில் 0.7 கிராம் வித்தியாசம்.

மூன்றாவது, குண்டு. அது முழு எடையின் அளவைச் சரிசெய்கிறது. 200 கிராம் எடைக்கல்லை வைத்தால் முள் 204 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசலின் எதிர்ப்பு 2 சதவீதம் குறைவு என்று பொருள். குண்டை 1 மி.மீ. கீழே, அதாவது அச்சைவிட்டு விலக்கி இறக்க வேண்டும். எம்4 மரையில் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. குறைத்துக் காட்டினால் மேலே ஏற்ற வேண்டும். 160 கிராம் குண்டையே திருகிக்கொண்டிருந்தால் கை நடுக்கமெல்லாம் பிழையாகிவிடும். ஆகவே அதன் கீழே 10 கிராம் அளவில் ஒரு சின்ன நட்டைத் தனியாக வைப்பது நல்லது. அதை ஒரு சுற்றுச் சுற்றினால் முழுச் சுமையில் 0.2 கிராமுக்கும் குறைவாகவே மாறும். பெரிய குண்டால் ஏறக்குறையப் பிடித்து, பூட்டு நட்டை இறுக்கிவிட்டு, சின்ன நட்டால் முடிக்க வேண்டும். பூட்டு நட் இறுக்கும்போதே குண்டு கால் சுற்று நகர்ந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது, சுமைக்கைக்கும் ஊசல் கைக்கும் இடையிலான கோணம். நல்ல தராசுகளில் இதற்கு ஒரு பக்கத் திருகு இருக்கும். மலிவானவற்றில் கையையே வளைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தராசு கீழே விழுந்தாலோ, தட்டின்மேல் யாராவது கை ஊன்றினாலோ முதலில் கெடுவது இந்தக் கோணம். ஒரு டிகிரி போதும். 40 மி.மீ. கையில் ஒரு டிகிரி என்பது ஊசி 0.7 மி.மீ. தாழ்வது. கண்ணுக்கே தெரியாது. ஆனால் பூஜ்யத்தையும் 200-ஐயும் சரியாக்கிய பிறகு நடுவில் 100 கிராம் கல்லை வைத்தால் 101 காட்டும்.

இப்போது கால் திருகு செய்யும் கெடுதலைப் பார்ப்போம். தட்டில் 2 கிராம் அழுக்கோ ஒட்டுத்தாளோ சேர்ந்துவிட்டது, முள் பூஜ்யத்துக்கு மேலே நிற்கிறது. கைக்கு எட்டுவது கால் திருகு. ஒன்றரைச் சுற்றுத் திருகினால் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும், தராசு சரியாகிவிட்டது போலத் தோன்றும். 200 கிராம் கல்லை வைத்துப் பார்த்தாலும் 200 என்றே காட்டும். ஆனால் 100 கிராம் கல்லை வைத்தால் 100.5 காட்டும். ஏனென்றால் இந்தத் தராசு இரு ஓரங்களிலும் ஒரு டிகிரிக்கு 4 கிராம், நடுவில் 3 கிராம். ஒளித்து வைத்த அந்த 2 கிராம் ஓரங்களில் அரை டிகிரி தள்ளும், நடுவில் முக்கால் டிகிரியை நெருங்கும். கால் திருகு மீட்டது அரை டிகிரியைத்தான். மிச்சம் நடுவில் பிழையாகத் தங்கிவிடுகிறது. பூஜ்யமும் முழு எடையும் மட்டும் பார்த்து 'சரி' என்று சொல்லும் சோதனை இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நடுவில் ஒரு கல் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

நடுவில் பிழை தெரிந்தால் அது வளைந்த கையா, கால் திருகின் ஒளிப்பா என்று எப்படிப் பிரிப்பது? ரசமட்டம் வைத்தோ, அச்சுக்கு நேர் கீழே தூக்குக்குண்டு விட்டோ தராசை முதலில் உண்மையான மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மட்டத்தில் பூஜ்யம் விலகினால் குற்றவாளி தட்டின் எடை. எதிர் நட்டைத் தொடுங்கள். மட்டத்திலும் பூஜ்யம் நின்று, முழு எடையும் நின்று, நடு மட்டும் தவறினால் கை வளைந்திருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. 160 கிராம் குண்டை, 80 கிராம் வில்லைகள் இரண்டாகச் செய்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். தட்டு சரியாகச் சமன்செய்யப்பட்டு, குண்டு அச்சுக்கு நேர் கீழே தொங்கினால், வில்லையைக் கழற்றினாலும் முள் பூஜ்யத்தை விட்டு அசையாது. 2 கிராம் ஒளிந்திருந்தால் முள் நுனி 1 மி.மீ. முன்னே போகும். வில்லையின் துளை நடுவில் இல்லாவிட்டாலும் இதே போல நகரும். ஆனால் வில்லையை அரை வட்டம் திருப்பி மாட்டும்போது அந்த நகர்வின் திசை மாறும். 80 கிராம் வில்லையின் துளை 1 மி.மீ. தள்ளியிருந்தாலே பூஜ்யத்தில் 2.3 கிராம் பிழை என்பதால் வில்லையைக் கடைசலில் கடைவதுதான் முறை. தகட்டை வெட்டிக் கண்ணளவில் துளை போடுவது உதவாது.

இந்த வில்லை ஏற்பாடுதான் இரண்டு வீச்சுள்ள தராசுகளின் அடிப்படை. ஒரு வில்லை கழன்றால் ஆதார எண் 100 ஆகும். அதே முள், அதே வில். இப்போது 100 கிராமுக்கு 60 டிகிரி. சிறு எடைகளை இரண்டு மடங்கு விரித்துப் படிக்கலாம். சில கடிதத் தராசுகளில் குண்டை ஒரு கீலில் மடக்கி மேலே தூக்கிவிட்டால் சிறு வீச்சு, கீழே விட்டால் பெரு வீச்சு. கீல் ஆடத் தொடங்கினால் குண்டு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் உட்காரும். சிறு வீச்சும் பெரு வீச்சும் ஒரே கல்லுக்கு வேறு வேறு விடை சொல்லும்.

இது வெறும் மேசை அலங்காரச் சங்கதி என்று கோவை, திருப்பூர், ஈரோடு வாசகர்கள் நினைக்க மாட்டார்கள். நூற்பாலைத் தரக் கட்டுப்பாட்டு அறைகளில் 'குவாட்ரன்ட் பேலன்ஸ்' என்று சொல்லப்படும் கால்வட்டத் தராசு இதே ஊசல்தான். எடைக்குப் பதில் நேரடியாக நூலின் கவுன்ட்டை, அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் நம்பரை, காட்டும். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பதே கவுன்ட். ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள ரீலில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம், ஒரு லீ. ஏழு லீ ஒரு சிட்டம். அதைக் கொக்கியில் மாட்டினால் முள் கவுன்ட்டைச் சொல்லும். அதே முகத்தில் 4 கெஜம் ஸ்லைவருக்கு (முறுக்காத பஞ்சுப் பட்டை) ஒரு வரிசை, 20 கெஜம் ரோவிங்குக்கு (லேசாக முறுக்கிய பஞ்சுத் திரி) ஒரு வரிசை, 840 கெஜம் நூலுக்கு ஒரு வரிசை எனக் கோடுகள் இருக்கும்.

கவுன்ட் கூடக் கூட எடை குறைகிறது. 20ஆம் நம்பர் சிட்டம் 22.68 கிராம், 21ஆம் நம்பர் 21.60. ஒரு நம்பருக்கு ஒரு கிராமுக்கு மேல் இடைவெளி. 80ஆம் நம்பர் 5.67 கிராம், 81ஆம் நம்பர் 5.60. இங்கே இடைவெளி வெறும் 0.07 கிராம். ஆகவே கொக்கியில் 0.1 கிராம் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தால் 20-இல் அது 19.9 என்று தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 80-இல் அதுவே 78.6 ஆகிவிடும். மாதக்கணக்கில் நூல் தடிப்பு என்று ஸ்பின்னிங் பகுதியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிழை கொக்கியில் இருக்கும். மெல்லிய நம்பர்களுக்குப் பெரு வீச்சுத் தராசைப் பயன்படுத்துவதே தவறு. 4ஆம் நம்பரையும் 80ஆம் நம்பரையும் ஒரே முகத்தில் காட்டும் தராசில் 113 கிராம் முழு எடை. அதில் 40-லிருந்து 80 வரையுள்ள அத்தனை நம்பர்களுக்கும் கிடைப்பது ஐந்தரை கிராம் சொச்சம் இடம், அதாவது வீச்சில் இருபதில் ஒரு பங்கு. குண்டைக் குறைத்து வீச்சைச் சுருக்கிய தராசு இங்கே தேவை.

கவுன்ட் முகத்தில் பூஜ்யம் என்று ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுமை இல்லாத நிலை என்பது கவுன்ட் கணக்கில் முடிவிலி. அதனால் சுமையற்ற முள் நிற்க வேண்டிய இடத்துக்குத் தனிக் கோடு தேவை. அந்தக் கோடு அழிந்துபோன தராசுகளில் பலர் 'தோராயமாக' வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைக்காதீர்கள். 11.34 கிராம் கல்லைத் தொங்கவிட்டால் 40, 22.68-க்கு 20, 5.67-க்கு 80. மூன்று கல்லும் மூன்று இடத்தில் பொருந்தும்வரை எதிர் நட்டையும் குண்டையும் மாறி மாறித் திருத்த வேண்டும். 80-இல் எதிர் நட், 20-இல் குண்டு, 40-இல் சோதனை. மூன்று சுற்றுகளில் முடிந்துவிடும்.

தராசு சரியாக இருந்தும் நூலின் ஈரம் ஏமாற்றும். பருத்திக்கு ஏற்கப்பட்ட ஈரப்பதம் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம். காய்ந்த நாளில் அது 6.5-க்கு இறங்கியிருந்தால் 40ஆம் நம்பர் நூல் முக்கால் நம்பர் கூட்டிக் காட்டும். 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் மாதிரியை நிலைக்க விட்டு நிறுப்பதே முறை. அதற்காகத் தராசின் திருகில் கைவைக்கக் கூடாது.

அடுத்து உராய்வு. இதைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதாது, ஆனால் ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறோம். நமது 200 கிராம் தராசில் முழுச் சுமையின்போது அச்சு தாங்குவது குண்டு, நட், தட்டு, கல், கைகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 480 கிராம். 3 மி.மீ. தண்டைப் பித்தளைத் துளையில் விட்டு, உராய்வுக் கெழு 0.15 என்று எடுத்துக்கொண்டால், முள் 3.1 கிராம் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறி நிற்கும். தண்டை 1 மி.மீ. ஆக்கினால் பிழை ஏறத்தாழ 1 கிராம். உருளைத் தண்டுக்குப் பதில் கத்திமுனையை அகேட் என்ற கடினக் கல்லில் உட்கார வைத்தால் ஏறக்குறைய இல்லை. அச்சு தடித்தால் பலம் என்று நினைத்து ஆணி போன்ற தண்டைப் போடுவது தராசையே குருடாக்கும். தேய்ந்த கத்திமுனையை அரத்தால் கூர்மையாக்கவும் வேண்டாம். நுனி ஒரு பக்கம் 0.4 மி.மீ. தள்ளிப்போனால் 40 மி.மீ. கையின் நீளம் ஒரு சதவீதம் மாறிவிட்டது, 200 கிராமுக்கு 2 கிராம். அச்சுக்கு எண்ணெய் போடுவதையும் தவிருங்கள். ஒரு வாரத்தில் தூசியும் பஞ்சும் சேர்ந்து பசையாகிவிடும். உராய்வைக் கண்டுபிடிக்கக் கல்லை வைத்து, முள்ளை மேலிருந்து மெதுவாக இறங்கவிட்டு ஒரு தடவை, கீழிருந்து ஏறவிட்டு ஒரு தடவை படியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உராய்வுப் பிழை. மேசையை விரலால் தட்டியதும் முள் இடம் மாறினாலும் அதே நோய்தான்.

முள் ஆடிக்கொண்டே இருக்காமல் நிற்க, சில தராசுகளில் காந்தத்தின் நடுவே ஓடும் அலுமினியத் தகடு இருக்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது, ஆட்டத்தை மட்டும் தணிக்கும். ஆனால் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தூள் தகட்டை உரசும். ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தால் வந்துவிடும். பெரிய கடைத் தராசுகளில் எண்ணெய்க் குடுவையும் அதில் மூழ்கிய பிஸ்டனும் இருக்கும். எண்ணெய் கெட்டியானால் முள் சோம்பலாக வரும், ஆனால் கடைசியில் சரியான இடத்துக்கு வந்து சேரும். சரியான இடத்துக்கே வரவில்லை என்றால் கோளாறு எண்ணெயில் இல்லை, பிஸ்டன் குடுவைச் சுவரைத் தொடுகிறது.

தட்டு மேலே இருக்கும் கடிதத் தராசில் இன்னொரு சோதனையும் தவறக் கூடாது. 100 கிராம் கல்லைத் தட்டின் நடுவில், பிறகு நான்கு ஓரங்களில் வைத்துப் பாருங்கள். விடை மாறினால் தட்டைச் சாயாமல் தாங்கும் கீழ் இணைப்புக் கம்பி, மேல் கைக்கு நிகரான நீளத்தில் இல்லை, அல்லது அதற்கு இணையாக இல்லை. குண்டையும் நட்டையும் எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது.

ஊசல் தராசின் உண்மையான பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். மட்டம் தவறினால் அது தவறும். மேசை ஒரு டிகிரி சாய்ந்தால் பூஜ்யத்தில் 4 கிராம். 120 மி.மீ. அகல அடிப்பலகையில் ஒரு டிகிரி என்பது இரண்டு மி.மீ. உயரம், தராசின் ஒரு காலுக்கு அடியில் நாளிதழை மடித்து வைத்தால் வந்துவிடும். ஓடும் வண்டியில், படகில் இதைப் பயன்படுத்த முடியாது. அங்கே ஸ்பிரிங்தான் மேல். கடைத் தராசுகளில் இதற்காகத்தான் இரண்டு ஊசல்களை எதிரெதிரே வைத்தார்கள். மேசை சாய்ந்தால் ஒன்று கூட்டிக் காட்டும், மற்றது அதே அளவு குறைத்துக் காட்டும், நடுவில் இணைக்கும் சட்டம் சராசரியை எடுத்துப் பல் தண்டு வழியாக முள்ளைச் சுழற்றும். கைகளுக்குப் பதில் வளைவுத் துண்டுகளின்மேல் மெல்லிய எஃகு நாடா சுருண்டு விரியும். வளைவின் வடிவமே கோடுகளைச் சீராக்கிவிடும். அந்த நாடாவில் ஒரு மடிப்பு விழுந்தால் அந்த எடையில் மட்டும் முள் தயங்கும். மடிப்பை நிமிர்த்த முடியாது, நாடாவை மாற்றத்தான் வேண்டும். இரண்டு ஊசலின் குண்டுகளையும் ஒரே அளவு நகர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் எடை சரியாக வரும், சாய்வுக்கான பாதுகாப்பு போய்விடும்.

விற்பனைக்குப் பயன்படும் தராசு என்றால், 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்றவரே பழுது பார்க்க வேண்டும், பிறகு முத்திரையும் பெற வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. ஈய முத்திரையை உடைத்துக் குண்டைத் திருகும் உரிமை கடைக்காரருக்கு இல்லை. மேலே சொன்னவை பள்ளி ஆய்வகம், ஐ.டி.ஐ. பட்டறை, ஆலையின் உள் சோதனை, வீட்டு மேசை ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

படத்திலிருந்த தராசுக்கு வருகிறோம். புதிய எவர்சில்வர் தட்டு பழையதைவிட 12 கிராம் கனம் என்றும், தராசு மேலே சொன்ன அளவுள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் கனத்தைக் கால் திருகால் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது இதுதான்: முதலில் கால் திருகைத் திருப்பி, தூக்குக்குண்டு விட்டு மட்டம் பார்க்க வேண்டும். எதிர் நட்டை 12 மி.மீ. வெளியே நகர்த்த வேண்டும், அதாவது 17 சுற்று. அத்தனை மரை இருக்காது. ஆகவே எதிர் நட் இருக்கும் இடத்திலேயே, அச்சிலிருந்து 30 மி.மீ. தூரத்தில், 16 கிராம் பித்தளை வளையம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும். மிச்சத்தை நட் பார்த்துக்கொள்ளும். பிறகு 200 கிராம் கல், 100 கிராம் கல், ஓரச் சோதனை. அரை மணி நேர வேலை. பழைய இரும்புக்குப் போடும் முன் அதன் உரிமையாளர் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கட்டுரையில் 'ஸ்பிரிங் தராசு' என்று வந்த படக் குறிப்பை 'ஊசல் தராசு' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
எடைக் கருவி பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்.